ஒரு சொட்டு ஒயில்

வெள்ளிக்கிழமை பதுளையில் காரை சேர்விஸ் செய்து எடுத்து வந்தேன். ஞாயிறு காலை வாசல் சீமெந்துத் தரையில் ஒரு ரூபாக் குற்றியளவில் கறுப்புப் புள்ளி ஒன்று கிடந்தது. யாருடைய மோட்டார் சைக்கிளோ நின்றிருக்கும் என்று மண்ணைத் தூவி மூடிவிட்டேன். திங்கட்கிழமை அதே இடத்தில் இரண்டு புள்ளிகள்.

எனது கார் ஒரு பழைய டொயோட்டா கொரோலா. எனக்கு முன் நான்கு பேரிடம் இருந்தது. இடர்கடனும் இரண்டு சீட்டும் சேர்ந்து அதை என் வாசலுக்குக் கொண்டுவந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வாகனங்களின் விலை எங்கோ ஏறிப் போனது. 2025இல் மீண்டும் வழி திறந்த பிறகும் ஒரு வாத்தியாரின் சம்பளத்துக்குப் புதுக் கார் எட்டாத கனிதான். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். மாதத்தில் ஒரு நாள் உம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப்போக எனக்கு இந்த வாகனம்தான். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் வயதை உம்மா தாண்டிவிட்டா.

மடுல்சீமைப் பாதையில் போய் வருகிறவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி மெட்டிகஹதென்னைக்கு வந்து, பசறையைப் பிடித்து, பிறகுதான் பதுளை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை - லுணுகலை வீதியில் 13ஆம் கட்டையருகே பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டதை எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை.

எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பாலபாடம். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகலாம். சின்னக் கியரைப் போட்டால் இஞ்சினே வாகனத்தை இழுத்துப் பிடிக்கும். ஆகவே இறக்கத்தில் எங்கள் உயிர் பாதி பிரேக்கிலும் பாதி கியர்பொக்ஸிலும் இருக்கிறது. அடுத்த வியாழன் உம்மாவுக்குக் கிளினிக்.

கராஜுக்குப் போன் எடுத்தேன். "சேர், சேர்விஸ்ல சிந்தினது எங்கயாவது ஒட்டியிருக்கும். ரெண்டு நாள்ல நிண்டுரும்" என்றார் பாஸ். அப்படியும் நடப்பதுண்டுதான். ஆனால் என் மனம் அதை ஏற்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டான் என்று அன்றிரவு முழுவதும் மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்தேன்.

அடுத்த நாள் பாடசாலை விட்டதும், எங்கள் ஊரில் லொறி ஓட்டும் நானாவிடம் போனேன். அவர் முற்றத்தில் லொறிக்கென்று வெட்டிய குழி இருக்கிறது. ஜாக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே தலையைக் கொடுக்கக்கூடாது என்பதில் அவர் மிகவும் கண்டிப்பானவர்.

நான் கொண்டுபோயிருந்த காட்போட் மட்டையில் விழுந்த சொட்டைத் தொட்டு, விரலில் தேய்த்து, என் மூக்கருகே நீட்டினார்.

"மணத்திப் பாருங்க மாஸ்டர். இது இஞ்சின் ஒயில் இல்ல."

கந்தக மணம். நெருப்புப் பெட்டியைத் திறந்தது போல. பற்கள் ஒன்றையொன்று நசுக்கும் இடத்தில் தேய்மானத்தைத் தடுக்க கியர் ஒயிலில் கந்தகம் கலந்த மருந்து சேர்க்கிறார்கள். இஞ்சின் ஒயிலைவிடத் தடிப்பாகவும் இருக்கும். இஞ்சினில் ஒயில் அழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். என் கார் கியர்பொக்ஸுக்கு விளக்கும் இல்லை, அளந்து பார்க்கக் கம்பியும் இல்லை. அது ஒன்றும் சொல்லாமலே வற்றும். கியர் விழ மறுக்கும்போதோ, உள்ளே இரையும்போதோதான் நமக்குத் தெரிய வரும். அதற்குள் பெயரிங்கும் பல்லும் தேய்ந்திருக்கும்.

எங்கிருந்து ஒழுகுகிறது? ஒயில் வழிந்தோடும் பொருள். மேலே ஒழுகி ஓர் ஓரமாக இறங்கி வேறெங்கோ சொட்டும். சக்கரத்துக்குப் போகும் தண்டின் சீல் கிழிந்திருக்கலாம். காற்றுப் போகும் சிறு துளை அடைபட்டு, உள் அழுத்தத்தில் ஒயில் வெளியே தள்ளப்படலாம். அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். அடியிலுள்ள வடிகால் போல்டிலும் கசியலாம். சொட்டு விழுந்த இடத்தை வைத்து எதையும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கண்டறி சோதனை, பரிகாரக் கற்பித்தல் என்று இரண்டு விடயங்கள் படிப்பித்தார்கள். நெடும் பிரித்தல் கணக்கில் விடை பிழை என்பது பின்வாங்குப் பிள்ளைக்கும் தெரியும். எந்த வரியில் பிழைத்தது என்று பார்ப்பதுதான் ஆசிரியரின் வேலை. சட்டைப் பையில் கிடந்த இரண்டு வெண்கட்டித் துண்டுகள் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. நானா கியர்பொக்ஸின் அடியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் காயவிட்டார். நான் வெண்கட்டியைப் பொடியாக்கித் தடவினேன். ஊருக்குள் ஒரு சுற்றுப் போய் வந்து குழியில் இறங்கிப் பார்த்தோம். வெள்ளைப் பரப்பில் கறுப்புக் கோடு ஒன்று வடிகால் போல்டின் ஓரத்தில் தொடங்கிக் கீழே இறங்கியிருந்தது. சீலின் பக்கம் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. நல்லவேளை என்றார் நானா. கைபேசியில் படமெடுத்துக்கொண்டேன்.

பக்கவாட்டில் உள்ள நிரப்பும் போல்டைக் கழற்றி, அவர் விரலை உள்ளே விட்டார். வாகனம் மட்டமான தரையில் நிற்கும்போது ஒயில் அந்தத் துளையின் விளிம்பைத் தொட வேண்டும். விரலை வளைத்துத்தான் ஒயிலைத் தொட முடிந்தது. "இப்படியே பதுளைக்கு இறக்க வேணாம், முதல்ல ஊத்துவம்" என்றார். டொயோட்டாக் கைநூலில் சொன்ன தரத்தைப் பார்த்து ஒரு போத்தல் வாங்கி, விளிம்பு வரை நிரப்பினோம்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் கராஜுக்குப் போனேன். வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். பாஸ் முதலில் மறுத்தார். படத்தைக் கண்டதும் முகம் மாறியது. "யாரடா இதைப் பூட்டினது?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

கிரீஸ் படிந்த கையோடு வெளியே வந்தவன் எனக்குத் தெரிந்த பிள்ளை. எங்கள் பாடசாலையில் படித்தவன். லயத்துப் பிள்ளை. சாதாரண தரத்தோடு நின்றுவிட்டான்.

"பழைய வாஷரத்தான் போட்டேன் சேர். புதுசு முடிஞ்சிருந்திச்சு. கசிஞ்சதும் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்."

"பாஸ்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"ஏசுவாங்கன்னு."

அந்த வாஷர் மெல்லிய உலோகம். ஒருமுறை இறுக்கும்போது நசுங்கி, போல்டின் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்றி மறுமுறை போட்டால் பழைய நசுங்கல் புதிய இடத்தில் பொருந்துவது அரிது. ஒரு பிளேன்டி குடிக்கும் காசுக்கு மேல் போகாத சாமான். ஆனால் அதை மறைக்கப் போல்டை மேலும் இறுக்கினால், அலுமினியப் புரி அறுந்து கியர்பொக்ஸ் கூடே பழுதாகலாம்.

"நாளையிலருந்து வராத" என்றார் பாஸ்.

இந்தக் கோபத்தைப் பார்க்கத்தானே நான் வந்தேன்? ஆனால் எனக்கு ஒன்பதாம் ஆண்டுக் கணித வகுப்பு ஞாபகம் வந்தது. கணக்குப் பிழைத்தால் இவன் யாருக்கும் காட்டமாட்டான். தாள் கிழியும்வரை அழிப்பான். ஒருநாள் அந்தக் கிழிந்த தாளை வகுப்புக்கே தூக்கிக் காட்டிச் சிரிக்க வைத்தவன் நான். பிழையை மறைக்கும் பழக்கத்தை அவன் எங்கே படித்தான் என்று நான் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

"பாஸ், அவனே கழற்றட்டும். நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்றேன். என் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. புது வாஷர் போட வேண்டும், புரியைப் பரிசோதிக்க வேண்டும், ஒயிலும் வேலையும் கராஜின் செலவு என்று சொன்னேன். பாஸ் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு ஒரு பெடியனைக் கடைக்கு அனுப்பினார்.

பையன் வடிக்குமுன் நிரப்பும் போல்டைத் தளர்த்திப் பார்த்தான். அது திறக்காவிட்டால் வடித்த பிறகு ஊற்ற வழியில்லை. அந்த ஒழுங்கு அவனுக்குத் தெரிந்திருந்தது. புரி தப்பியிருந்தது. புது வாஷரைப் போட்டு, அளவாக இறுக்கி, துளை வழியே ஒயில் வழியும்வரை ஊற்றி, வழிவது நின்றதும் மூடினான். "சேர், பாருங்க" என்று விளக்கைப் பிடித்துக் காட்டினான். தான் செய்ததை அவன் எனக்குக் காட்டியது அதுதான் முதல் தடவை.

வியாழன் உம்மாவோடு இரண்டாம் கியரில் இறங்கினேன். உம்மா நித்திரை. நான்தான் காதை கியர்பொக்ஸில் வைத்துக்கொண்டு போனேன்.

அடுத்த மாதம் கிளினிக் முடிந்து கராஜ் பக்கம் நிறுத்தியபோது, நான் இறங்குமுன்னே அவன் தரையில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காஞ்சுதான் இருக்கு சேர்" என்று எழும்பினான். சட்டையைத் தட்டிவிட்டுக் கேட்டான்:

"சேர்கிட்ட சோக் இருக்கா? இன்னொரு வண்டி ஒழுகுது."