"இல்லைங்க" என்று சொன்னேன்

பெங்களூரு சிவாஜிநகரில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஊரோடு ஒத்த விடுமுறை வாய்க்காது. ரம்ஜான், தசரா, கிறிஸ்துமஸ் எல்லாம் எங்களுக்கு வியாபார நாட்கள். ஆகஸ்ட் 29-ல் புனித மரியன்னை பேராலயத்தில் கொடி ஏறிவிட்டால், செப்டம்பர் 8 தேர் வரை ரசல் மார்க்கெட் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. அதனால் குடும்பத்தோடு வெளியூர் கிளம்புவது ஆனி, ஆடி மழையில்தான். பந்திப்பூர்க் காட்டுக்கும் அப்படித்தான் போனோம். அறை வாடகை குறைவு, சஃபாரிக்குக் கூட்டமில்லை, சாலையில் ஆளில்லை. அந்த ஆளில்லாத சாலையில் நான் செய்ததை இதுவரை ஒருவரிடமும் உள்ளபடி சொன்னதில்லை.

மழைக்காலத்தில் போனால் மிருகம் தென்படாது என்பார்கள். அது பாதி உண்மை. கோடையில் தண்ணீர் தேடிக் கபினி அணையோரம் கூடும் யானைகள், மழை விழுந்ததும் காடெங்கும் பிரிந்துவிடும். சாலையோரம் மட்டும் அப்படியில்லை. பார்வை மறைக்காமலிருக்க இரு பக்கமும் உண்ணிச்செடியை வெட்டி வைத்திருப்பார்கள். வெயில் நேராக விழும் அந்த இடத்தில் மழைக்குப் பிறகு இளம்புல் தளதளவென்று எழும்பும். புள்ளிமானும், காட்டெருதும், குட்டியோடு யானையும் அந்தப் புல்லுக்காகத் தார் விளிம்பு வரை வரும். நமக்குச் சீசன் இல்லாத மாதங்கள்தான் அவற்றுக்கு வயிறு நிறையும் மாதங்கள்.

குண்டலுப்பேட்டையிலிருந்து ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் போகும் இரண்டு நெடுஞ்சாலைகள் இந்தக் காட்டை ஊடுருவுகின்றன. 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை. பகலில் போகலாம். ஆனால் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. பலகைகளில் எழுதியிருக்கிறது. படித்துவிட்டுத்தான் போனேன்.

ஊட்டிச் சாலையில் ஒரு வளைவுக்கு முன்னால், இடப்பக்கம், குட்டியோடு ஒரு பெண் யானை. புல்லைத் தும்பிக்கையால் சுருட்டிப் பிடுங்கி, வேர் மண்ணை முன்னங்காலில் தட்டித் தட்டி உதிர்த்துத் தின்றுகொண்டிருந்தது. காரைச் சாலையிலேயே நிறுத்தினேன். "என்னங்க, வேணாம், இறங்காதீங்க" என்று மனைவி இரண்டு முறை சொன்னாள். கண்ணாடி வழியாக வீடியோ கலங்கலாக வருகிறது என்று இறங்கி, நாலைந்து அடி முன்னாலும் போனேன். யானை மேய்வதை நிறுத்தியது. குட்டியைப் பின்னால் தள்ளி, காதுகளை விரித்தது. அப்போதும் நான் போனைத் தாழ்த்தவில்லை.

எதிர்த்திசை வளைவிலிருந்து ஒரு டிவிஎஸ் மொபெட் வந்தது. மழைக்கோட்டு போட்ட ஒருவர், கால்மாட்டில் ஒரு மூட்டை. என் கார் பாதிச் சாலையை அடைத்து நின்றது. அவர் தடுமாறினார். நான் மூட்டிவிட்ட கோபத்தோடு யானை அந்த மொபெட் சத்தத்தை நோக்கிப் பாய்ந்தது. வண்டியைப் போட்டுவிட்டு அவர் புதருக்குள் ஓடினார். விழுந்து கிடந்த வண்டியை ஒரு மிதி மிதித்துவிட்டு, குட்டியைக் கூட்டிக்கொண்டு யானை மறுபக்கக் காட்டுக்குள் போய்விட்டது.

காரை எடுத்தேன். அவர் முழங்காலைப் பிடித்தபடி வெளியே வந்து, நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை.

இத்தனைக்கும் அப்போது யானை போய்விட்டது. ஆபத்து என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அவர் என்னைத் திட்டுவார், வண்டிக்குப் பணம் கேட்பார், வனத்துறையிடம் இழுத்துப் போவார். அந்த நிமிடம் என் மனதில் ஓடியது இவ்வளவுதான். தமிழ்நாட்டு எல்லையில் கக்கநல்லா சோதனைச் சாவடியில், வண்டிக்குள் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று குனிந்து பார்த்த ஊழியர், "வழில ஆனை எதும் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன். பின்சீட்டில் என் மகன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு ஜீப்பில் ஆள் போயிருக்கும்.

சீசன் நாளாக இருந்திருந்தால் பின்னால் வரும் வண்டிகள் ஹாரன் அடித்திருக்கும், நான்கு பேர் ஏசியிருப்பார்கள், நான் இறங்கியே இருக்க மாட்டேன். என் ஒழுக்கம் மற்றவர் பார்வைக்குப் பயந்த ஒழுக்கம் என்று அந்த வெறும் சாலையில் தெரிந்தது. கடையில் கல்லா திறந்து கிடந்தாலும் தொடாத ஆள் என்று பெயர் வாங்கியவன் நான்.

ஊர் திரும்பி, மொபெட் வரும் பகுதியை வெட்டிவிட்டு, வீடியோவை மார்க்கெட் நண்பர்கள் குழுவில் போட்டேன். துணிச்சல்காரன் என்றார்கள். 2025 ஆகஸ்டில் இதே பந்திப்பூர்ச் சாலையில் யானை அருகே போய்ப் படமெடுக்க முயன்று மிதிபட்டவருக்கு 25,000 ரூபாய் அபராதம் விதித்த செய்தி வந்தது. கடைக்கு வந்தவர்கள் அவரைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

என் போனிலிருந்து அந்த வீடியோவை அழித்துவிட்டேன். ஆனால் வாங்கியவர்கள் அனுப்பி, அவர்களிடம் வாங்கியவர்களும் அனுப்பிவிட்டார்கள். மழை, வளைவு, காது விரித்த பெண் யானை, அதன் பின்னால் குட்டி: இப்படி ஒன்று உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அழித்துவிடுங்கள்.