காக்கா எப்போது கத்த வேண்டும்?

டோனட்டுக்குப் பழுப்பு நிறம் தீட்டினால் வடை. நடுவில் ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது. கட்டளைப் பிளாக்குகளை அடுக்கிக் குழந்தைகள் நிரல் எழுதும் ஸ்கிராட்ச் தளத்தில் பாட்டி வடை சுட்ட கதையை ஓட்டிக் காட்டக் கிளம்பும் பெங்களூர் மல்லேஸ்வரத்துத் தமிழ்க் குழந்தைக்கு முதல் கவலை இப்படித் தீர்ந்துவிடும். நரி தயாராகக் கிடைக்கும். கிளிக்குக் கறுப்படித்தால் காக்கா. பாட்டியைத்தான் கையால் வரைய வேண்டும். எம்.ஐ.டி. மீடியா ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்சின் பொம்மைக் கிடங்கில் டைனோசருக்கு இடமுண்டு, மடிசார் பாட்டிக்கு இல்லை.

காக்காவைக் கிளையில் உட்காரவைக்க x, y என்று இரண்டு எண்கள் தேவை. மெயின் ரோடு, கிராஸ் ரோடு என்று விலாசம் சொல்லியே வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சங்கடம் வசனத்தில்தான். கதையை ஓட்டும் பச்சைக் கொடியை அழுத்தியதும் நரி, “காக்கா, நீ எவ்வளவு அழகு! ஒரு பாட்டுப் பாடேன்” என்கிறது. அதே நொடியில் காக்காவும் “கா, கா” என்கிறது. வடையோ யாரும் வாய் திறக்கும் முன்பே தரையில். ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகக் கட்டளை அடுக்கியிருப்பதால் ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கண்டுபிடிக்கும் வைத்தியம் ‘காத்திரு’ பிளாக். நரி இரண்டு நொடி பேசுமா, காக்கா இரண்டு நொடி காத்திருக்கட்டும். நரிக்கு இன்னொரு புகழ்மொழி சேர்க்கும்வரை இது ஓடும். அப்புறம் காக்காவின் கணக்கு, வடையின் கணக்கு எல்லாம் தப்பும்.

கொலுவில் இந்தத் தொல்லை இல்லை. நவராத்திரிக்கு மல்லேஸ்வரத்தில் தமிழ் வீடு, கன்னட வீடு இரண்டிலும் படி கட்டுகிறார்கள். மேல்படியில் மரப்பாச்சி ராஜா ராணி, கீழே அரிசி பருப்புக் கடை போட்ட செட்டியாரும் அவர் மனைவியும். தரையில் கடுகு முளைக்கவைத்த புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம், பஞ்சில் கைலாசம். அளவு பொருந்தவே பொருந்தாது. செட்டியார் கைலாச மலையைவிடப் பெரியவராக இருப்பார், அவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. சுண்டலுக்கு வந்த பிள்ளை, “இது யாரு பாட்டி?” என்று கேட்டால் போதும், கதை கிளம்பிவிடும். எல்லாப் பொம்மைக்கும் பாட்டி ஒருத்திதான் குரல். யார் எப்போது பேசுவது என்பது அவர் வாயில் இருக்கிறது.

ஆகவே கணினி முன்னால் பேத்திக்குச் சரியான துணை, மௌஸ் பிடிக்கத் தெரியாத பாட்டிதான். “நரி முடிக்கட்டும்டீ, அப்புறம் காக்காகிட்ட சொல்லு” என்பார். ஸ்கிராட்சில் செய்தி அனுப்பும் பிளாக் செய்வதும் இதையே. நரி பேசி முடித்ததும் ‘பாடு’ என்று செய்தி விடும். அதைக் கேட்டுக் காக்கா கத்தும், கத்தியதும் ‘விழு’ என்று சொல்லும், வடை விழும். நரி எத்தனை நேரம் புகழ்ந்தாலும் கவலையில்லை. மைக்கில் பாட்டியையே “கா, கா” என்று கத்தவைத்துப் பதியலாம்.

இதே பெங்களூரில் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலும் யாரும் கதை கட்டலாம். தயாராக இருக்கும் படத்தை எடுத்து வரி எழுதினால் பக்கம் முடிந்தது. காக்கா அசையாது, காத்திருக்கவும் வேண்டாம். அவசரக்காரர்களுக்கு அதுவே உத்தமம்.

ஸ்கிராட்சில் பகிர்ந்த கதையை யாரும் திறந்து உள்ளே பார்க்கலாம், மாற்றித் தம் வடிவமாக வெளியிடலாம். மூலக் கதைக்காரரின் பெயரைத் தளமே போட்டுவிடும். வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடும் சாமர்த்தியக் காக்கா வேண்டுமென்றால், ‘விழு’ செய்தியை எடுத்துவிட்டால் சரி. பாட்டிக்கு வடை திரும்பக் கிடைக்க இன்னும் யாராவது பிளாக் அடுக்க வேண்டும்.