கசக்காத மருந்து

ஆனை நெருஞ்சிலை இடிக்கவும் வேண்டாம், பிழியவும் வேண்டாம். மண் போக அலசிய பச்சைக் கொப்பு ஒன்றைச் செம்புத் தண்ணீரில் விட்டு, மோர் கலக்குவதுபோல் சுற்றினால் போதும். சில நிமிடங்களில் தண்ணீர் கனத்து, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி நூலாக இறங்கும். கொழகொழப்பைத் தரும் நுண்சுரப்பிகள் இலையின் மேல்தோலிலேயே இருப்பதால், இலை கசங்காமலே நீர் மாறிவிடும். என்னிடம் வைத்தியம் பழக வருகிற பிள்ளைகள் ஆர்வத்தில் கசக்கிவிடுவார்கள், திட்டு வாங்குவார்கள்.

"என்ன தம்பி, மூக்குச்சளி கணக்கா இருக்கு!" என்றார் நீர்க்கடுப்போடு வந்த பாட்டி ஒருவர். கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, கசக்கவே இல்லையே என்று கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார்.

கொழகொழப்பாகப் படிந்து எரிச்சலைத் தணிக்கும் இந்தச் செய்கைக்குச் சித்த மருத்துவத்தில் உள்ளழலாற்றி என்று பெயர். ஊறிய வெந்தயமும், நீரில் சட்டை போட்டுக்கொள்ளும் சப்ஜா விதையும் இதே இனம்தான். இவற்றின் கொழகொழப்பெல்லாம் நீளநீளமான சர்க்கரைச் சங்கிலிகள். தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு உப்பும். வறண்டு கமறும் தொண்டையிலும் அழன்ற இரைப்பையிலும் மெல்லிய படலமாகப் படிந்து, காரமும் புளிப்பும் நேராக உறுத்தாமல் காக்கும். தொட்ட இடத்தில்தான் அதன் வேலை.

அப்படியானால் நீர்க்கடுப்பு? சிறுநீர்ப்பையிலும் போய்ப் பூசிக்கொள்ளும் என்று நானே வெகுகாலம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. குடற்சுவரை முழுசாகத் தாண்ட முடியாத அளவு பெரிய சங்கிலிகள் அவை. பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகிவிடும். ஆனால் இந்தச் செடியை நீர்பெருக்கியாகவும் சொல்வதுண்டு. போதாததற்கு ஒரு செம்புத் தண்ணீரும் சேர்ந்தே உள்ளே போகிறது. வெயில் காலத்துக் கடுப்புக்கு அந்தத் தண்ணீரே பாதி மருந்து என்பது என் எண்ணம். குளிர்காய்ச்சலும் விலாவலியும் கூடவே இருந்தால் செடியைத் தேட மாட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன்.

இன்னொன்றையும் மறக்காமல் கேட்பேன்: வேறு மாத்திரை ஏதும் உண்டா? படலம் மாத்திரையையும் சேர்த்துப் பொதிந்துகொண்டு, அது உடம்பில் சேர்வதைத் தாமதப்படுத்தும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

மறுநாள் காலையில் பாட்டி போன் செய்தார். "நேத்து கலக்கி வச்சது வெறும் தண்ணியாப் போச்சே தம்பி!"

"அது நிக்காது பாட்டி. கொட்டிட்டுப் புதுக் கொப்பு போடுங்க."