படகு இன்ஜினும் கிணற்று இன்ஜினும்

இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து படியுங்கள், நம் ஊர் வெயில் அப்படி.

போன வாரம் தூத்துக்குடியில் இருந்து ஒரு பழைய மாணவன் போன் பண்ணினான். அவன் அப்பா அருப்புக்கோட்டையில் கருவாடு விற்றவர். இவன் நம்மிடம் பத்தாவது வரை படித்துவிட்டு, அத்தை வீட்டுக்குப் போய் அங்கேயே பெண் கட்டிக்கொண்டான். பதினோரு வருடம் துபாயில் ஒரு கிட்டங்கியில் வேலை பார்த்துச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது.

"சார், மச்சினனும் நானும் கூட்டா ஒரு பழைய விசைப்படகு வாங்கப் போறோம். ரெண்டு படகு பார்த்து வச்சிருக்கோம். ஒண்ணுல பழைய லேலண்ட் இன்ஜின், நூறு ஹெச்.பி. சுமாருக்கு. இன்னொண்ணுல வெளிநாட்டு இன்ஜின், அதைப் போல ரெண்டு மடங்கு. மச்சினன் பெரிசுதான் வேணும்ங்கான். பத்தலைன்னா வீட்டுக்காரி நகையை வைக்கணும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

கடலில் நான் கால் நனைத்ததோடு சரி. ஆனால் டீசல் இன்ஜின் எனக்குப் பழக்கம். திருச்சுழிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கமலையை நிறுத்திவிட்டு ஆயில் இன்ஜின் வைத்தபோது நான் கால்சட்டைப் பையன். எங்க அய்யாவுக்குப் புதுசு வாங்க வசதி இல்லை. பழசில் இரண்டு வந்தது. ஒன்று இங்கிலாந்தின் லிஸ்டர் மாதிரியைப் பார்த்து ராஜ்கோட்டில் செய்தது. நிமிடத்துக்கு 650 சுற்று, இரண்டு பக்கமும் பெரிய சக்கரம், தூக்க ஆறு ஆள் வேண்டும். மற்றது பூனாவின் கிர்லோஸ்கர் ஏ.வி.1. அடக்கமான இன்ஜின், 1500 சுற்று. சக்தி இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், ஐந்து ஆறு குதிரை.

பிறகு பாடம் நடத்தும்போது இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டிருக்கிறேன், சிலருக்கு ஞாபகம் இருக்கும். 650 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 39,000. 1500 என்றால் 90,000. பிஸ்டன் ஓடும் வேகம் அதில் விநாடிக்கு 3 மீட்டர், இதில் ஐந்தரை. வேகமாக ஓடுவது சீக்கிரம் கெடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நல்ல எண்ணெயும் சுத்தமான காற்றும் கொடுத்தால் அதுவும் நன்றாகவே உழைக்கும். ஆனால் கவனிப்பு குறைந்தால் மெதுவாக ஓடுவது பொறுத்துக்கொள்ளும், வேகமாக ஓடுவது பொறுக்காது. அய்யா மெதுவானதை எடுத்தார். அவர் சொன்ன காரணத்தில் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. "இதைப் பிரிச்சு மாட்ட நம்ம ஊர்ல ஆள் இருக்கு" என்றார், அவ்வளவுதான்.

கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க இன்ஜினும் இறங்கியது. பம்பு தண்ணீரை உறிஞ்சுவது இருபது, இருபத்தைந்து அடிக்குள்தான். அதற்கு மேல் காற்றழுத்தம் ஒத்துழைக்காது. அதனால் கிணற்றுக்குள்ளேயே பாறையில் மேடை வெட்டி அங்கே வைப்போம். உள்ளே காற்றோட்டம் போதாது, புகை கருப்பாக வரும், நாங்களும் இருமுவோம். இன்னொரு தொல்லை நம் ஊர் உவர்த் தண்ணீர். அதுவே இன்ஜினைக் குளிர்விக்கப் போய்வருவதால் உள்ளே சுண்ணாம்பாகப் படிந்து வழி அடைபடும், இன்ஜின் கொதிக்கும். 1990-இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்த பிறகு அவை எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

அதனால் தம்பியிடம் நான் முதலில் ஹெச்.பி. பற்றிக் கேட்கவில்லை. "தண்ணி எப்படிடா சுத்துது?" என்றுதான் கேட்டேன். கடல் தண்ணீர் நேரே இன்ஜினுக்குள் போகிறதா, அல்லது நல்ல தண்ணீர் உள்ளே சுற்றி, கடல் தண்ணீர் வெளியில் இருந்து அதைக் குளிர்விக்கிறதா? நேரே போவதானால் உப்பு அரித்திருக்கும், அதைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. அடுத்தது, இன்ஜின் அறைக்குக் காற்று எந்த வழியாக வருகிறது என்று பார்க்கச் சொன்னேன். எங்கள் கிணற்று மேடையின் கதைதான் அங்கேயும்.

இப்போது மச்சினன் கட்சி. வலை இழுக்க பலம் வேண்டும் என்பது நியாயமான பேச்சு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மடங்கு சக்திக்கு இரண்டு மடங்கு வேகம் வராது. தண்ணீரைக் கிழித்துப் போகும் படகுக்குத் தேவையான சக்தி ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப்படி ஏறும். எட்டு நாட் போகிற படகைப் பத்து நாட் போக வைக்கவே சக்தி இரண்டு மடங்கு ஆகிவிடும். டீசலோ, முழுப் பாரத்தில் 100 குதிரைக்கு மணிக்குச் சுமார் 20 லிட்டர், 200 குதிரைக்கு 40. காலையில் போய் இரவு திரும்பும் தொழிலில் இதைக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். அந்த மரக்கட்டுமானம் எந்த இன்ஜினுக்காகக் கட்டியது, புரொப்பல்லரும் கியர்பாக்ஸும் அதற்குப் பொருந்துகிறதா என்பதும் உண்டு. மீன்வளத் துறைப் பதிவில் இருக்கும் இன்ஜின் எண்ணும் குதிரைத்திறனும் படகில் இருப்பதும் ஒன்றா என்று ஒத்துப் பார்த்தே ஆக வேண்டும். திறனுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது.

லேலண்ட் இன்ஜினில் 370 என்று போட்டிருந்தால் அது குதிரைத்திறன் அல்ல, 370 கன அங்குலம், அதாவது சுமார் ஆறு லிட்டர் கொள்ளளவு. லாரியில் ஓடிய அதே வம்சம். லைனர், பிஸ்டன், ரிங் எதுவானாலும் துறைமுகத்தில் கிடைக்காவிட்டால் நம் அருப்புக்கோட்டையில் கிடைக்கும். அந்த வெளிநாட்டு இன்ஜினுக்கு உதிரி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "கேட்டுச் சொல்றேன் சார்" என்றான்.

விற்பவர் வரச் சொல்லும் நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே போ, போனதும் இன்ஜின் மேல் கையை வை என்றேன். சூடாக இருந்தால் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சைக்கிள் பம்பை அழுத்தினால் நுனி சுடும் இல்லையா, டீசல் தீப்பிடிப்பதும் அந்தச் சூட்டில்தான், அதற்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. ரிங் தேய்ந்து காற்று கசிந்தால் குளிர்ந்த இன்ஜின் கிளம்ப மல்லுக்கு நிற்கும். சூடாக்கி வைத்துவிட்டால் அந்த நோய் வெளியே தெரியாது. எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும். கருப்பு எண்ணெய் இருந்தால் பயப்பட வேண்டாம், டீசல் இன்ஜினில் அது இயல்பு. பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. நீலப் புகை நிற்காமல் வந்தால் எண்ணெய் எரிகிறது. புது பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் இரண்டு தடவை சுற்றிப் பார்க்க வேண்டும். (இந்த இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசல் 1913-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் கடலில் மறைந்துபோனார். வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் கடைசி பெஞ்ச்கூட நிமிர்ந்து உட்காரும்.)

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தியது வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இரண்டு படகும் இப்போது கரையேற்றி நிற்கின்றன. கரையில் நிற்கும் படகின் இன்ஜினைப் பாரம் இல்லாமல் ஐந்து நிமிடம் உறுமவிட்டுக் காட்டுவார்கள். எந்த இன்ஜினும் அப்போது நன்றாகத்தான் உறுமும். விற்பவரோ தடைக்காலம் முடியும் முன்பே முழுப் பணமும் கேட்கிறார். தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "சின்னதா ஒரு அட்வான்ஸ், அதுக்கு ஒரு எழுத்து, அவ்வளவுதான். படகு தண்ணியில இறங்கி, முழு வேகத்துல ரெண்டு மணி நேரம் ஓடி, சூட்டையும் ஆயில் பிரஷரையும் உன் கண்ணால பார்த்த பிறகு மிச்சம். நகை அதுவரை பெட்டியிலேயே இருக்கட்டும்." மச்சினனுக்கு இது பிடிக்கவில்லையாம். நேற்று அவனே என்னைக் கூப்பிட்டான். மரியாதையாகத்தான் பேசினான். கடைசியில், "சரி சார், ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாங்க, அவர் சொல்றபடி செய்வோம்" என்றான்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். பந்தல்குடி ரோட்டில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் தம்பி, இதைப் பார்த்தால் எனக்குப் போன் பண்ணப்பா. ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம், பஸ் செலவும் சாப்பாடும் என்னுடையது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் யாராவது இருந்தால், அந்த வெளிநாட்டு இன்ஜின் ஓடும் வேறு படகின் டிரைவர் ஒருவரிடம் டீசல் செலவை விசாரித்துக் கீழே எழுதுங்கள். படகின் பெயர், உரிமையாளர் பெயர் எதையும் இங்கே போட வேண்டாம்.