நீலம் எங்கே போகிறது

ஆடி மாதம் ஊரிலிருந்து வந்த சித்தி, அம்மாவுக்கு ஒரு டப்பா வாங்கி வந்திருந்தாள். உள்ளே கருஊதா நிறத்தில் கேப்சூல்கள். டப்பாவின் மேல் பெர்ரிப் பழங்களின் படம். படத்துக்குக் கீழே, இந்தப் பழங்களின் நிறமி ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் என்று ஒரே ஒரு வரி.

"அக்கா, இதைப் போட ஆரம்பி. பிரஷர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுரலாம்" என்றாள் சித்தி. அவளுக்கு அம்மா மேல் உயிர். அந்த டப்பாவின் விலை அவளுக்குச் சிறியதல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

அம்மா பன்னிரண்டு வருடமாகப் பிரஷர் மாத்திரை போடுகிறாள். அப்பா மாரடைப்பில் போனவர். ரத்தக் குழாய் என்ற சொல் எங்கள் வீட்டில் சாதாரணமாகக் காதில் விழுந்து போகாது. சித்தி குளிக்கப் போன நேரத்தில் அம்மா டப்பாவை என்னிடம் நீட்டி, "இது நெசமாடா?" என்று கேட்டாள்.

உண்மை என்று சொல்லவும் முடியவில்லை, பொய் என்று தள்ளவும் மனம் வரவில்லை. யாரோ எங்கோ எதையோ பார்த்திருக்காமல் அந்த வரி டப்பாவுக்கு வந்திருக்காது. அது எங்கிருந்து புறப்பட்டது என்று தேட ஆரம்பித்தேன்.

அந்தப் பழங்களின் கருநீலம் ஆந்தோசயனின் என்ற நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கத்தரிக்காயின் தோலிலும் கருப்புத் திராட்சையிலும் இருப்பது அதுதான். சந்தையில் அப்போது கூடை கூடையாகக் குவிந்திருந்த நாவப்பழத்திலும் அதுதான். அரைக் கிலோ நாவப்பழம் வாங்கி வந்து, தோலைக் கொதிக்க வைத்து வடிகட்டினேன். ஊதா நிறத் தண்ணீரை மூன்று கிண்ணங்களில் ஊற்றினேன். ஒன்றில் எலுமிச்சைச் சாறு பிழிந்ததும் பளிச்சென்று சிவந்தது. இன்னொன்றில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டதும் நீலமாகிப் பச்சைக்குத் திரும்பியது. மூன்றாவது அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தபோது எலுமிச்சைக் கிண்ணத்தின் சிவப்பு மாறவில்லை. சோடாக் கிண்ணத்தில் மட்டும் பச்சை போய், மங்கிய மஞ்சளும் பழுப்புமாக ஏதோ நின்றிருந்தது. அம்மா அதைக் கழுவப் போனாள். கொஞ்சம் இருக்கட்டும் என்றேன். அந்தக் கிண்ணம் எனக்கு எதைக் காட்டிக்கொண்டிருந்தது என்பது பல வாரம் கழித்துத்தான் புரிந்தது.

இதே விளையாட்டை ராபர்ட் பாயில் 1664இல் வெளியிட்ட நிறங்கள் பற்றிய நூலில் எழுதியிருக்கிறார். அவர் எடுத்துக்கொண்டது வயலட் பூவின் சாறு: அமிலம் பட்டால் சிவப்பு, காரம் பட்டால் பச்சை. 1835இல் லுட்விக் மார்க்வார்ட் என்ற ஜெர்மானிய மருந்தாளர் பூக்களின் நீல நிறமிக்குப் பெயர் வைத்தார். கிரேக்கத்தில் ஆந்தோஸ் என்றால் பூ, கியானோஸ் என்றால் நீலம். பெயர் வந்தும், உள்ளே இருப்பது என்ன என்று பிடிபட இன்னும் எண்பது வருடம் ஆயிற்று.

அதைப் பிடித்தவர் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர். பெர்லினுக்குப் பக்கத்தில் டாலெமில் இருந்த ஆய்வுக்கூடத்தில், 1913ஐ ஒட்டிய வருடங்களில், அவர் பூக்களின் நிறமிகளைத் தனியாகப் பிரித்தெடுத்தார். தானிய வயல்களில் பூக்கும் கார்ன்ஃபிளவரின் நீலத்திலும் ரோஜாவின் சிவப்பிலும் இருப்பது ஒரே நிறமி என்று அவர் கண்டதைப் படித்தபோது என் மூன்று கிண்ணங்கள் கண்முன் வந்தன. தாவர நிறமி ஆய்வுகளுக்காக 1915இல் நோபல் பரிசு பெற்ற அவர், யூத வெறுப்பைக் கண்டித்து 1924இல் மியூனிக் பேராசிரியர் பதவியைத் துறந்தார். 1939இல் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. நிறமிகளுக்கு அந்தக் காலத்தில் விழுந்த பெயர்கள் அப்படியே நிலைத்துவிட்டன. கார்ன்ஃபிளவரிலிருந்து வந்தது சயனிடின், டெல்ஃபினியம் பூவிலிருந்து டெல்ஃபினிடின், மால்வாவிலிருந்து மால்விடின். ஒரு பூந்தோட்டமே வேதியியலுக்குள் குடியேறியது போலிருக்கிறது.

பிறகு ராபர்ட் ராபின்சன் இங்கிலாந்தில் இந்த நிறமிகளைச் செயற்கையாகச் செய்து காட்டினார். 1920களின் கடைசியில் மான்செஸ்டரில் அவரிடம் பயிலச் சென்ற மாணவர்களில் ஒருவர் நம் குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி. திரும்பி வந்து வால்டேரிலும் டெல்லியிலும் பருத்திப் பூ முதலான நம் செடிகளின் நிறமிகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். நான் திருச்சியில் படித்தவன். அந்தப் பெயரை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

நிறத்தின் கதை இவ்வளவு தூரம் வந்தும், அதில் ரத்தக் குழாய் வரவே இல்லை. முதல் முதலாக இரண்டையும் சேர்த்துப் பேசியவர்களில் ஹங்கேரியின் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி ஒருவர். மிளகாய் இனத்திலும் எலுமிச்சையிலும் இருக்கும் ஃபிளேவனாய்டுகள் நுண்குழாய்களின் கசிவைக் குறைக்கின்றன என்று 1936இல் சொல்லி, அவற்றுக்கு 'வைட்டமின் பி' என்று ஆங்கில எழுத்து வரிசையின் பதினாறாவது எழுத்தைச் சூட்டினார். அது வைட்டமின் அல்ல என்று பின்னால் முடிவாகி, பெயர் கைவிடப்பட்டது. ஆந்தோசயனினும் ஃபிளேவனாய்டு குலம்தான். ஆனாலும் கசிவை அடைப்பது வேறு, குழாயைத் தளர்த்துவது வேறு.

தளர்வின் ஊற்றைத் தேடினால் நியூயார்க் நகரின் புரூக்ளினுக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் மகாதமனியை மெல்லிய பட்டைகளாக வெட்டித் தொங்கவிட்டு, மருந்துகளுக்கு அது சுருங்குகிறதா விரிகிறதா என்று பல வருடம் அளந்துகொண்டிருந்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருள் உயிருள்ள உடம்பில் குழாயை விரிக்கும். அவருடைய பட்டைகளிலோ அது சுருக்கியது. இந்த முரண் அவரை விடவே இல்லை.

1978இல் அவருடைய உதவியாளர் ஒரு சோதனையின் படிகளை வரிசை மாற்றிச் செய்துவிட்டார். சுருங்கியிருந்த குழாய், சுருக்க வேண்டிய மருந்துக்குத் தளர்ந்தது. இந்த முறை தொங்கியவை பட்டைகள் அல்ல, வளையங்கள். ஃபர்ச்காட் அந்தத் தவறைக் குப்பையில் போடவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். பட்டை வெட்டும்போது குழாயின் உட்புறம் உரசப்பட்டு, அங்கிருக்கும் ஒரே ஒரு செல் கனமுள்ள படலம் உதிர்ந்துவிடுகிறது. வளையத்தில் அது உதிர்வதில்லை. படலம் இருந்தால் தளர்வு, இல்லாவிட்டால் சுருக்கம். பிறகு அவர் செய்தது எனக்கு மிகப் பிடித்த சோதனை. படலம் போன பட்டையோடு படலம் உள்ள பட்டையை முகத்தோடு முகம் வைத்து ஒட்டினார். படலம் இல்லாத பட்டையும் தளர்ந்தது! அந்தப் படலம் ஏதோ ஒன்றை வெளியே அனுப்புகிறது, அதுதான் தசைக்குத் தளரச் சொல்கிறது. இது 1980இல் வெளியானது.

அந்த ஏதோ ஒன்று நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று 1986, 1987இல் தெரிந்தது. சில நொடிகளே வாழும் வாயு அது. படலத்தில் பிறந்து, அடுத்துள்ள தசைச் செல்லுக்குள் புகுந்து, அங்கே ஒரு நொதியைத் தூண்டி, தசையின் இறுக்கத்தை விடுவிக்கிறது. ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சு வலிக்கும்போது நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை உடம்பில் உண்டாக்குவதும் இதே வாயுவைத்தான் என்று முராட் 1977இலேயே காட்டியிருந்தார். அப்பாவின் சட்டைப்பையில் அந்த மாத்திரை எப்போதும் இருக்கும். துவைக்கப் போடும் முன் அம்மா பையைத் தடவிப் பார்த்து எடுத்து வைப்பாள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் மேலே படிக்கவில்லை.

இனி நிறமியும் குழாயும் சந்திக்க வேண்டும். 1993இல் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒயினையும் திராட்சைச் சாற்றையும் திராட்சைத் தோலின் சாற்றையும் எலியின் தமனி வளையங்கள் மேல் விட்டார்கள். படலம் உள்ளவை தளர்ந்தன, உரசி நீக்கியவை தளரவில்லை. நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைத் தடுத்தால் அந்தத் தளர்வும் நின்றது. இந்த இடத்தில் எனக்கு ஒரு அடி விழுந்தது. தோலில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகச் சோதித்தபோது, திராட்சையின் முக்கிய நிறமியான மால்விடின் ஒன்றும் செய்யவில்லை. அப்படியென்றால் டப்பாவின் வரி பொய்யா?

விடை பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து 1998இல் வந்தது. அங்கே மூன்று நிறமிகளை வளையங்களில் விட்டுப் பார்த்தார்கள். மால்விடின் தளர்த்தவில்லை. சயனிடினும் தளர்த்தவில்லை. டெல்ஃபினிடின் தளர்த்தியது. மூன்றும் ஒரே எலும்புக்கூடு உள்ள மூலக்கூறுகள். அந்த எலும்புக்கூட்டின் ஓரத்து வளையம் ஒன்றில் டெல்ஃபினிடினுக்கு ஹைட்ராக்சில் மூன்று, சயனிடினுக்கு இரண்டு, மால்விடினுக்கு ஒன்றே ஒன்று. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த அந்தச் சிறு தொகுதி ஒன்று கூடுதலாக இருந்தால் கதவு திறக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. டப்பாவில் இருந்த 'நிறமி' என்ற ஒற்றைச் சொல் இதையெல்லாம் விழுங்கிவிட்டது. நாவப்பழத்தின் தோலில் டெல்ஃபினிடினும் இருக்கிறது, மால்விடினும் இருக்கிறது, பெட்டுனிடினும் இருக்கிறது. அடுப்படியில் மீதியிருந்த பழங்களை அன்று வேறு கண்ணோடு பார்த்தேன்.

ஆனால் எலியின் தமனி வளையம் தொங்குவது கண்ணாடிக் குடுவையில். நாம் பழத்தை ரத்தத்தில் ஊற்றுவதில்லை, வாயில் போடுகிறோம். 2013இல் பிரிட்டனில் காலின் கே குழுவினர் கார்பன்-13 அடையாளம் இட்ட சயனிடின் நிறமியில் 500 மில்லிகிராமை எட்டு ஆண்களுக்குக் கொடுத்து, அந்தக் கார்பன் எங்கெல்லாம் போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். ரத்தத்தில் நிறமி நிறமியாக இருந்தது மிகக் கொஞ்சம். அதன் உடைந்த துண்டுகளே அதிகம், அவை இரண்டு நாள் கழித்தும் இருந்தன. கொடுத்ததில் ஏறக்குறைய 12 சதவீதம் உடம்புக்குள் சேர்ந்ததற்கான தடம் கிடைத்தது. அதில் பாதிக்கு மேல் அவர்கள் விட்ட மூச்சுக்காற்றில் இருந்தது!

அப்போதுதான் சோடாக் கிண்ணம் ஞாபகம் வந்தது. நிறமி அமிலத்தில் நிற்கும், காரத்தில் உடையும். ரத்தம் லேசான காரம். பழத்தின் நீலம் உடம்புக்குள் நீலமாகவே வாழ முடியாது. தானாக உடைவது கொஞ்சம், குடலில் வாழும் நுண்ணுயிரிகள் உடைப்பது மிச்சம். அப்படிப் பிறக்கும் சிறு சிறு அமிலங்கள்தான் குழாய்களைச் சுற்றி வருகின்றன. நைட்ரிக் ஆக்சைடை அழிக்கும் சூப்பராக்சைடு என்ற ஆக்சிஜன் வடிவம் ஒன்று உண்டு. இந்தத் துண்டுகள் அதன் உற்பத்தியைக் குறைப்பதாகச் செல்களில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. பிறந்த வாயு கொஞ்சம் கூடுதலாக வாழ்ந்தால் குழாய் கொஞ்சம் கூடுதலாகத் தளரும். குடுவையில் நிறமி செய்த வேலையை உடம்பில் பெரும்பாலும் அதன் பிள்ளைகள் செய்கின்றன என்றே நான் புரிந்துகொண்டேன்.

மனிதர்களிடம் இதை அளக்கும் முறை எளிது. முன்கையில் பிரஷர் பட்டையை ஐந்து நிமிடம் இறுக்கிக் கட்டி, சட்டென்று அவிழ்த்துவிடுவார்கள். ரத்தம் பாய்ந்து வரும்போது கைத்தமனி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேன் கருவியில் பார்ப்பார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 40 பேரில் ஒரு பாதியினர் ஒரு மாதம் தினமும் 200 கிராம் புளூபெர்ரிக்குச் சமமான பானம் குடித்தார்கள். அவர்களுடைய தமனி கூடுதலாக விரிந்தது, மேல் பிரஷரும் சுமார் 5 புள்ளி குறைந்தது. அதே வருடம் நார்விச்சிலிருந்து வந்த ஆய்வு இன்னும் நீண்டது. சர்க்கரை, எடை, பிரஷர் எனப் பல சிக்கல்கள் சேர்ந்த 115 பேர், ஆறு மாதம். தினமும் 150 கிராம் பழத்துக்குச் சமமான பொடி சாப்பிட்டவர்களின் தமனி விரிவு 1.45 சதவீதப் புள்ளி கூடியது. 75 கிராம் சாப்பிட்டவர்களுக்குப் பலன் இல்லை. ரத்த அழுத்தம் இரண்டு குழுவிலும் இறங்கவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் பலமுறை படித்தேன். அம்மா ஆரோக்கியமான நாற்பது பேரைச் சேர்ந்தவள் அல்ல, நார்விச் கூட்டத்தைச் சேர்ந்தவள்.

சித்தியிடம் போனில் சொன்னேன். டப்பாவில் இருப்பது பொய்யில்லை சித்தி, அந்த வரிக்குப் பின்னால் நல்ல உழைப்பு இருக்கிறது, ஆனால் அது மாத்திரைக்குப் பதில் இல்லை என்றேன். அம்மாவைப் பார்க்கும் டாக்டரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றுதான் சொன்னார் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அவ நல்லா இருக்கணும்னுதான்டா வாங்கினேன்" என்றாள். தெரியும் சித்தி என்றேன்.

ஆவணி பிறந்தும் சந்தையில் நாவப்பழம் இருந்தது. விற்கிற அம்மா வழக்கம்போல உப்பும் மிளகாய்த்தூளும் தூவப் போனாள், உப்பு வேண்டாம் என்று தனியாக வாங்கி வந்தேன். அம்மா காலை மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, கிண்ணத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "உப்பில்லாம நாவப்பழம் துவர்க்குதுடா" என்றாள். அப்புறமும் ஏழெட்டுத் தின்றாள். கண்ணாடி முன் போய் நின்று, சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டிப் பார்த்தாள்.

"நல்லா ஏறியிருக்கா?" என்று கேட்டாள்.

நல்ல கருநீலமாக ஏறியிருந்தது.