33 வருடம் கட்டிய ஆலயமும் ஒரு சனிக்கிழமை சாயங்காலமும்! - இடையன்குடி பயணம்

“எங்கருந்து வாரிய?”

கையில் விளக்குமாறோடு நின்ற பெரியவர் கேட்டார். சென்னையிலிருந்து வருகிறேன், கால்டுவெல் கட்டிய ஆலயத்தை வீடியோ எடுக்க வேண்டும் என்றேன். “எடுங்க. ஆனா இந்த ஓரத்தைப் பெருக்கி முடிச்சிருதேன். மண்ணோட எடுத்தா நல்லாவா இருக்கும்?” என்றபடி குனிந்துகொண்டார்.

ஆடி மாதம், சனிக்கிழமை, மாலை 4 மணி. திருநெல்வேலியிலிருந்து திசையன்விளைக்கு பஸ், அங்கிருந்து ஆட்டோ என்று வந்து இறங்கியிருந்தேன். வழியெல்லாம் பனை, காற்றாலை, செக்கச் சிவந்த தேரி மண். காற்று என்றால் அப்படி ஒரு காற்று! துப்பட்டாவைப் பிடிப்பதா, போனைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. அந்த வேலைக்கு நடுவே ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வாட்ஸ்அப்பையும் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி.

33 வயதில் தொடங்கி 66 வயதில் முடித்தவர்

இடையன்குடி, திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் கிராமம். சென்னை மெரினாவில் கால்டுவெல் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அந்த ராபர்ட் கால்டுவெல் வாழ்ந்த ஊர் இது. 1814-ல் அயர்லாந்தில் பிறந்தவர், 1838-ல் சென்னைக்கு வந்தார். மூன்று வருடம் கழித்துத் தென்கோடிக்குக் கிளம்பியபோது, தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, மதுரை என்று சுற்றி, பெரும்பாலும் நடந்தே வந்து சேர்ந்தார். அதன் பிறகு இதுதான் அவருடைய ஊர்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று விரிவாக நிறுவிய ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ 1856-ல் வெளிவந்தது. அந்தச் சமயத்தில் இங்கே ஆலயமும் கட்டிக்கொண்டிருந்தார்.

1847-ல் ஆரம்பித்த வேலை. 1880-ல்தான் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதாவது 33 வருடம்! காசு வந்தால் வேலை நடக்கும், இல்லையென்றால் நின்றுவிடும் என்று ஊரில் சொல்கிறார்கள். நடுவில் 1876-78 பெரும் பஞ்சம் வேறு வந்து போனது. கூர்மையான வளைவுகள், உயர்ந்த ஜன்னல்கள் என்று ஐரோப்பிய கோதிக் பாணி. அப்படி ஒரு ஜன்னலை இந்த ஊர்க் கொத்தனார்கள் அதுவரை பார்த்ததில்லை. அதனால் கால்டுவெல்லே களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்ற கதை இன்றும் உலவுகிறது.

வேலையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 33 இருக்கும். முடிந்தபோது 66. முதல் கல் வைத்த நாளில் கூடியிருந்த பெரியவர்களில் எத்தனை பேர் கடைசிக் கல்லைப் பார்த்திருப்பார்கள்?

1891-ல் கொடைக்கானலில் காலமான கால்டுவெல்லின் உடலை இங்கே கொண்டுவந்து, இந்த ஆலயத்தின் பீடத்துக்குக் கீழேதான் அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த வீட்டை தமிழக அரசு நினைவு இல்லமாக்கியிருக்கிறது. அதையும் பார்க்கத் தவறாதீர்கள்.

“பெருக்குனா திரும்ப மண்ணு வராதா?”

விளக்குமாறு பெரியவர் இந்த ஆலயத்தின் ஊழியர். மணி அடிப்பது, கதவு திறப்பது, சுத்தம் செய்வது எல்லாம் அவர்தான். இந்தப் பக்கம் இந்த வேலை செய்பவரைக் ‘கோயில்குட்டியார்’ என்பது பழைய வழக்கம். சபையை நடத்தும் குருவானவரை ‘ஐயர்’ என்பார்கள். பழைய ஆட்கள் ‘கால்டுவெல் ஐயர்’ என்று சொல்வதும் அப்படித்தான். நான் பெரியவரைத் தாத்தா என்றே கூப்பிட்டேன்.

மறுநாள் திருவிருந்து ஆராதனை. அதற்காக முந்தின நாள் சாயங்காலமே ஆயத்த ஆராதனை என்று ஒன்று உண்டு. ஜெபத்துக்கு முன்னால் ஜெபத்துக்குத் தயாராவது!

அந்தத் தயாரிப்பு எப்படி நடக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு அக்காக்கள் பெஞ்சுகளைத் துடைத்தார்கள். துவைத்துத் தேய்த்த பச்சைத் துணியை ஐயரம்மா பீடத்தின் மேல் சுருக்கம் இல்லாமல் விரித்தார். பத்தாவது படிக்கிற ஒரு பையன் பாட்டு எண்களைப் பலகையில் மாட்டினான். ஓரத்தில் பாடகர் குழு ஒரே வரியை நாலாவது முறையாகப் பாடிப் பார்த்தது. சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்காகத் தாத்தா முன்வரிசையில் பாய் விரித்தார்.

ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. கூடவே சிவப்பு மண்ணும்.

“தாத்தா, இப்ப பெருக்கினாலும் ராத்திரி திரும்ப மண்ணு வந்துருமே?”

“வரும்.”

“அப்புறம் எதுக்கு?”

“காலைல திரும்பப் பெருக்குவேன். மண்ணு வருதுன்னு பெருக்காம இருந்தா, வாரவங்க எங்க உக்காருவாங்க?”

“நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க?”

“அது யாருக்குத் தெரியும்? நூறு பேரும் வரலாம். மழை வந்தா முப்பது பேரும் வரலாம். பாயை மட்டும் எல்லாருக்கும் சேத்துதான் விரிக்கது.”

விண்ணப்ப நோட்டு

வாசல் பக்கத்து மேஜையில் நீளமான ஒரு நோட்டு இருந்தது. ஜெபத்தில் நினைக்க வேண்டியவர்களின் பெயரை அதில் எழுதி வைப்பார்களாம். அனுமதி கேட்டுப் புரட்டினேன். வெளிநாட்டு வேலை, பிரசவம், வீட்டுக்கடன், நீட் தேர்வு, கண் ஆபரேஷன், மனம் திரும்பாத மகன். ஒரு கிராமத்தின் கவலை முழுவதும் நீல மையில் இருந்தது.

“நீங்களும் எழுதணுமா?” தாத்தா கேட்டார். நான் போனைப் பார்த்துக்கொண்டே இருந்ததைக் கவனித்திருப்பார் போல.

சொல்லிவிட்டேன். விருதுநகரில் இருக்கும் அப்பாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. மூன்று மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. நான் எடுத்திருக்கிற கடன் முடியட்டும், அதற்குள் செலவு வைக்க வேண்டாம் என்று நினைத்தாராம். தெரிந்த அன்றைக்கு போனில் கத்தித் தீர்த்துவிட்டு வைத்தேன். இரண்டு வாரமாக அவரோடு பேசவில்லை. தம்பிதான் தகவல் சொல்கிறான். பயாப்ஸி ரிசல்ட் திங்கட்கிழமை. அம்மா மஞ்சள் துணியில் மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறாள்.

“நாங்க சர்ச்சுக்குப் போறவங்க இல்ல தாத்தா” என்றேன்.

“நோட்டுல அப்படி ஒண்ணும் பத்தி போடலயே. பேரை எழுதுங்க.”

எழுதினேன். “எழுதின எல்லாருக்கும் சரியாயிருதா?” என்று கேட்டும் விட்டேன். கேட்ட பிறகுதான், கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

அவர் பாயின் மடிப்பை நீவினார். “என் வீட்டுக்காரி பேரு பதினோரு மாசம் அதுல இருந்துச்சி. அவ இருக்கல. அடக்கம் முடிஞ்ச மறுவாரம் மணி அடிக்க வரவேண்டாம்னு ஐயர் சொன்னாவ. நான் வந்துட்டேன். வீட்டுல தனியா முழங்கால் போட்டா அழுகதான் வந்துச்சி. இங்கயும் அழுதேன். ஆனா இங்க என்கூட நூறு பேரு முழங்கால் போடுதாவ. அவர் மேல கோவம் இருந்துச்சி, நம்பிக்கையும் போகல. ரெண்டும் ஒண்ணா இருக்கும் பிள்ள.”

பிறகு, பெஞ்சைத் தட்டுகிற மாதிரி சாதாரணமாக ஒன்று சொன்னார். “ஆயத்த ஆராதனைன்னா பெருக்கதும் பாய் விரிக்கதும் மட்டும் இல்ல. யார்கூடயாவது மனஸ்தாபம்னா அதைத் தீத்துட்டுத்தான் நாளைக்கு முழங்கால் போடணும். அப்பாட்ட பேசிட்டு வாங்க. மொத மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கு.”

காற்றில் ஒரு போன்

வெளியே வேப்ப மரத்தடியில் நின்று கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

“சாப்ட்டியாம்மா?”

இரண்டு வாரம் கழித்து அவர் கேட்ட முதல் கேள்வி. “சாரிப்பா” என்று ஆரம்பித்தேன். “அதை விடு. என்ன இவ்வளவு காத்துச் சத்தம்? எங்க நிக்கிற?” என்றார். சொன்னேன். “கால்டுவெல் ஊரா? நான் படிக்கும்போது பாடத்துல வந்துச்சே... மார்க்தான் வரல” என்று சிரித்தார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. “எனக்குப் பயமாத்தான்மா இருக்கு. அம்மாகிட்ட சொல்லல” என்றார். அப்பா பயமாக இருக்கிறது என்று சொல்லி அதுவரை நான் கேட்டதே இல்லை.

உள்ளே வந்தபோது மணி அடித்தது. முக்காடு போட்ட பாட்டிகள், சைக்கிளில் வந்த பையன்கள், கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்தவர் என்று ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். பாவ அறிக்கை நேரத்தில் அத்தனை பேரும் தலை குனிந்திருந்தார்கள். ஒரு நிமிடத்துக்குக் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். கேமராவை எடுக்கவில்லை.

திசையன்விளையில் தங்கிவிட்டு மறுநாள் காலையும் போனேன். ராத்திரி வந்த மண்ணைத் தாத்தா மறுபடி பெருக்கியிருந்தார். விண்ணப்ப நேரத்தில் ஐயர் நோட்டைப் பார்த்து வாசித்தார். நீட் எழுதும் பிள்ளை, ஆபரேஷன் பாட்டி, அப்புறம் என் அப்பா பெயர், ‘விருதுநகர்’ என்று ஊரோடு. அப்பாவைப் பார்த்தே இராத அத்தனை பேர் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த பாட்டி ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை

ரிசல்ட் வந்தது. நாங்கள் வேண்டிக்கொண்டபடி இல்லை. சிகிச்சை ஆரம்பித்திருக்கிறது. நீண்ட சிகிச்சை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் தென்கோடிப் பக்கம் போனால் இடையன்குடிக்கும் ஒரு எட்டு போய் வாருங்கள். உவரி கடற்கரையும் பக்கம்தான். முடிந்தால் சனிக்கிழமை சாயங்காலமாகப் போங்கள். கட்டடத்தை என்றைக்கு வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்குள் நடக்கும் ஆயத்தத்தை அப்போதுதான் பார்க்க முடியும்.

முதல் சிகிச்சைக்கு முந்தின ராத்திரி நான் விருதுநகரில் இருந்தேன். அம்மா கஞ்சி ஃபிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். தம்பி காருக்குச் சொல்லிவிட்டு வந்தான். அப்பா ரிப்போர்ட்களைத் தேதி வாரியாக அடுக்கினார். ஃபைலின் முதல் பையில் அந்த மஞ்சள் துணி முடிச்சு இருந்தது.

நான் எழுந்து போய் அறையைப் பெருக்கினேன்.