ராத்திரி பத்து மணிக்கு மேல ஜெனரேட்டர் ஓடாது, சார்!

ஊட்டியில் அன்றைக்கு நல்ல குளிர். தோட்டத்து ஓரமாக நிறுத்தியிருந்த கேரவன் வண்டியின் ஜன்னல்களை எல்லாம் இறுக்கச் சாத்திவிட்டார்கள். உள்ளே பாட்டி, அப்பா, அம்மா, ஆறு வயதுப் பேத்தி. வெளியே டார்ச் லைட்டோடு வண்டியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார் டிரைவர். பின்பக்கம் வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். ஒரு சிட்டிகை விபூதியைத் தலைக்கு மேலே உயர்த்தி, மெதுவாக உதிர்த்தார்.

ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்திருந்த பேத்தி, "பாட்டி, டிரைவர் தாத்தா வண்டிக்குத் திருஷ்டி கழிக்கிறார்!" என்றாள். பாட்டிக்கு டிரைவர் மேல் மரியாதை கூடிவிட்டது.

ஐந்து நிமிடத்தில் கதவைத் தட்டினார் டிரைவர். "சார், பத்து மணி ஆகப்போகுது. ஜெனரேட்டரை நிறுத்திடறேன்."

அப்பாவுக்குச் சுருக்கென்றது. "என்ன அண்ணே, மூணு நாள் வாடகை முழுசா கொடுத்திருக்கோம். டீசலும் நம்ம காசு. குழந்தை குளிர்ல நடுங்கறா. ஹீட்டர் ராத்திரி பூரா ஓடினா உங்களுக்கு என்ன?"

"சத்தத்தைப் பத்திக் கவலைப்படாதே தம்பி, எங்களுக்குப் பழகிடும்" என்றார் பாட்டி.

"சத்தத்துக்காக இல்லம்மா" என்றவர், குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்தார். இந்தக் கதையைச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் வண்டியில் புதிதாக ஏறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லிவிடுவார்.

அவர் சாலிகிராமத்துக்காரர். இருபது வருடத்துக்கு மேல் சினிமா ஷூட்டிங்குக்குக் கேரவன் ஓட்டியவர். கட்டில், சோபா, பாத்ரூம், ஏ.சி. என்று ஒரு சின்ன வீடே சக்கரத்தின் மேல் போகும். அந்த வீட்டுக்குக் கரன்ட் தருவது வண்டியோடு சேர்த்துக் கட்டிய டீசல் ஜெனரேட்டர். அதற்குத் தகரப் பெட்டி மாதிரி தனி அறை உண்டு. வாழும் அறைக்கும் அதற்கும் நடுவில் ஊசி நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது. புகைக் குழாய் வண்டியின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டியிருக்க வேண்டும். ஜன்னலுக்குக் கீழே முடியக் கூடாது. கட்டும்போதே சரியாகக் கட்டிய வண்டியில் இதெல்லாம் இருக்கும்.

பல வருடத்துக்கு முந்திய ஒரு மே மாதம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பங்களாவில் ஷூட்டிங். வண்டியின் ஜெனரேட்டர் அன்றைக்குப் பார்த்துப் பழுதாகிவிட்டது. அவசரத்துக்குச் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து, இருபது அடி தள்ளி வேப்ப மரத்தடியில் வைத்து ஒயர் இழுத்தார்கள். அதுவரை எல்லாம் சரிதான்.

ராத்திரி பேக்கப் ஆக வெகு நேரமாகிவிட்டது. காலையில் ஆறு மணிக்கே மறுபடி கால்ஷீட். மேக்கப் உதவியாளராக இருந்த பத்தொன்பது வயதுப் பையனுக்கு வீட்டுக்குப் போய்வர நேரமில்லை. "அண்ணே, இங்கேயே படுத்துக்கறேன்" என்றான். பின்பக்க சோபாவில் அவன் படுத்தான். இவர் முன்னால் டிரைவர் கேபினில், ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டுப் படுத்தார்.

பன்னிரண்டு மணி வாக்கில் திடீரென்று கோடை மழை. ஜெனரேட்டர் நனைகிறதே என்று இவர் பதறி எழுந்து ஓடினார். வண்டியின் பக்கவாட்டில் விரித்திருந்த கூரைத் துணிக்குக் கீழே அதை இழுத்து வைத்துவிட்டு, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு படுத்துவிட்டார். ஒரு பக்கம் வண்டி, மறுபக்கம் காம்பவுண்டு சுவர், மேலே துணி. புகை போக வழியே இல்லை. பையன் படுத்திருந்த சோபாவுக்கு நேர் வெளியேதான் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"லேசா புகை வாசம் வந்துச்சும்மா. ஆனா கொஞ்ச நேரத்துல மூக்குக்குப் பழகிடுச்சு. மெஷின் நனையலேங்கற திருப்தியில தூங்கிட்டேன்."

அவருக்குச் சர்க்கரை உண்டு. ராத்திரியில் ரெண்டு தடவையாவது எழுந்திருப்பார். அன்றைக்கு எழுந்தபோது தலை வெடிக்கிற மாதிரி வலி, குமட்டல். படியில் கால் வைத்ததும் முழங்கால் மடங்கிக் கீழே விழுந்தார். ஷூட்டிங் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் முதலில் நினைத்தார். வெளிக் காற்றில் கொஞ்ச நேரம் கிடந்ததும் தலை தெளிந்தது. உள்ளே எட்டிப் பார்த்துப் பையனைக் கூப்பிட்டார். பதில் இல்லை. உலுக்கினார். கண் திறக்கவில்லை.

மெஷினை நிறுத்தி, கதவுகளை எல்லாம் திறந்துவிட்டு, அவனை அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்துப்போட்டுக் கத்தினார். காவலாளி ஓடிவந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனதும் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார்கள். ஆக்ஸிஜன் 98 என்று காட்டியது. "நல்லாத்தானே இருக்கு" என்று இவருக்கு நிம்மதி. டாக்டர்தான் தலையை ஆட்டினார். "இந்தக் கிளிப்பை இந்த விஷயத்துல நம்ப முடியாது. ரத்தத்தை எடுத்துத்தான் பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே பையன் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை வைத்தார்.

அங்கேதான் கார்பன் மோனாக்சைடு என்ற பெயரை டிரைவர் முதல் தடவையாகக் கேட்டார். பெட்ரோலோ டீசலோ விறகோ கரியோ, எது முழுதாக எரியாவிட்டாலும் வரும் வாயு அது. நிறம் கிடையாது, வாசம் கிடையாது. நாம் முகர்வது புகையின் மற்ற சமாச்சாரங்களைத்தான். ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமந்துபோகும் ஹீமோகுளோபினை, ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக இது பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிஜன் ஏற வேண்டிய வண்டியில் இது ஏறி உட்கார்ந்துவிடும். விரலில் மாட்டும் சாதாரணக் கிளிப்புக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் 98.

வெளிக் காற்றை மட்டும் சுவாசித்தால் அந்த விஷத்தில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதி இறங்கும். மறுநாள் மத்தியானம் பையன் கண் விழித்தான். பிழைத்துக்கொண்டான். ஆனால், சில மாதம் வரை சீப்பை எங்கே வைத்தோம், பவுடர் டப்பாவை யாரிடம் கொடுத்தோம் என்று மறந்து மறந்து போனான். வேலையில் திட்டு வாங்கினான். ஒவ்வொரு தடவை அவன் திட்டு வாங்கும்போதும், திட்டு தனக்கு விழுந்த மாதிரி டிரைவர் தலையைக் குனிந்துகொள்வார். மெஷினை இழுத்து வைத்தது அவர்தானே.

"இப்போ அவன் நல்லா இருக்கான். தனியா மேக்கப்மேன் ஆயிட்டான். அந்த ராத்திரி அவனுக்குச் சுத்தமா ஞாபகம் இல்லை. எனக்குத்தான் மறக்கலை."

படிக்கட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்த செய்தி வந்தபோது, இவர் டிவியை அணைத்துவிட்டார். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் வாயு தரையிலிருந்த துளை வழியாக உள்ளே வந்திருக்கிறது என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதித்துச் சொன்னார்கள். மறுநாள் காலையில் இவர் தன் வண்டிக்கு அடியில் படுத்து, ஒயர் போகிற துளை, பாத்ரூம் குழாய் இறங்குகிற துளை எல்லாவற்றையும் டார்ச் அடித்துத் தேடித் தேடி அடைத்தார்.

சினிமா வேலை குறைந்தபிறகுதான் சுற்றுலா வண்டிக்கு வந்தார். இப்போது குடும்பம் குடும்பமாகக் கேரவன் எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். கேரளாவில் 2021-லிருந்து அரசே கேரவன் சுற்றுலாவை ஊக்குவிக்கிறது. அமெரிக்க மோட்டார் ஹோம் வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஆசையோடு வருகிறவர்களும் உண்டு. அங்கேயும் பல தேசியப் பூங்காக்களின் முகாம்களில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அமைதி நேரம். அந்த நேரத்தில் ஜெனரேட்டர் ஓடக் கூடாது. அக்கம்பக்கத்தார் தூக்கத்துக்காக வைத்த அந்த விதி உயிரையும் காப்பாற்றும் என்பது டிரைவரின் கட்சி.

வண்டியை நிறுத்துவதிலும் அவருக்குக் கணக்குகள் உண்டு. சுவரை ஒட்டி நிறுத்தமாட்டார். புகை மோதித் திரும்பும். இன்னொரு வண்டிக்கு அருகில் நிறுத்தமாட்டார். நம் புகை அவர்கள் ஜன்னலுக்குப் போகும். காய்ந்த புல்லின் மேல் நிறுத்தமாட்டார்; சூடான புகைக் குழாய் தீ வைத்துவிடும். தனியாக வைக்கிற ஜெனரேட்டர் என்றால், மழையோ வெயிலோ, இருபது அடிக்குக் கிட்டே வராது. புகைக் குழாய் எப்போதும் வண்டிக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்.

"அப்போ அந்த விபூதி?" என்று கேட்டார் பாட்டி.

டிரைவர் சிரித்துவிட்டார். "காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பார்க்கறேம்மா. விபூதி வண்டிப் பக்கம் வந்தா, வண்டியைத் திருப்பி நிறுத்துவேன். ஆனா, காத்து ராத்திரியில சொல்லாம திசை மாறிடும். அதனாலதான் தூங்கறப்போ விபூதியையும் நம்பறதில்லை. மெஷினே ஓடக் கூடாது."

அப்பாவுக்குக் கோபம் தணிந்திருந்தது. இருந்தாலும் ஒரு சந்தேகம். "சென்னையில ரெண்டு ஏ.சி. ஓட்டின ஜெனரேட்டர்தானே இது? சாயந்திரம் ஹீட்டரையும் கீசரையும் சேர்த்துப் போட்டதும் ஏன் நின்னுபோச்சு?"

"மேலே ஏறினா மெஷினுக்கும் மூச்சு வாங்கும் சார்." ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்று மெல்லியது. ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் மெஷினின் சக்தி நூற்றுக்கு மூன்றரை பங்கு வாக்கில் குறைகிறது. இங்கே வந்து சேரும்போது கால் பங்கு போய்விடும். அதனால் இங்கே கீசர் போட்டால் ஹீட்டர் கிடையாது, ஹீட்டர் போட்டால் கீசர் கிடையாது.

பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. நிறுத்துவதற்கு முன்னால் கீசரில் கடைசியாக வெந்நீர் காய்ச்சி ரப்பர் பைகளில் ஊற்றி, பாட்டிக்கும் பேத்திக்கும் கால்மாட்டில் வைத்தார். பெட்டியிலிருந்து நாலு கம்பளிகளை எடுத்துக் கொடுத்தார். விளக்குக்கும் போன் சார்ஜுக்கும் பேட்டரி போதும். ஹீட்டரை அணைத்து, சுமை இல்லாமல் மெஷினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஆறியபிறகு நிறுத்தினார். "குளிருதுன்னு கரி அடுப்பை மட்டும் உள்ளே கொண்டுவந்துடாதீங்க. அதுவும் இதே வாயுதான்" என்றார்.

கடைசியாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருந்த ஒரு வெள்ளை டப்பாவின் பொத்தானை அழுத்தினார். 'பீப் பீப்' என்று காதைத் துளைத்தது.

"தாத்தா, அது என்ன?"

"காவல்காரன் பாப்பா. கெட்ட காத்து வந்தா கத்தி எழுப்பிடுவான்."

பெரியவர்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னார். காற்றில் பத்து லட்சத்துக்கு 400 பங்கு அந்த வாயு சேர்ந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள் அது அலறும். அளவு குறைவாக இருந்தால் அலற அதிக நேரம் எடுக்கும். அதற்கும் ஆயுள் உண்டு. பின்னால் போட்டிருக்கிற தேதி தாண்டினால் மாற்ற வேண்டும். "இது இருக்குன்னு மெஷினை ஓட்டிக்கிட்டே தூங்கக் கூடாது. தலைவலி, மயக்கம், வாந்தி ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு வந்தா, என்ன ஏதுன்னு யோசிக்காம முதல்ல எல்லாரும் வெளியே வந்துடணும்."

விளக்கணைந்தது. மெஷின் சத்தம் நின்றபிறகுதான், தோட்டத்தில் எங்கோ பூச்சிகள் கத்துவது கேட்டது. பேத்தி பாட்டியின் கம்பளிக்குள் புகுந்து தூங்கிப்போனாள்.

காலையில் பேத்தி உட்பட எல்லோரும் எழுந்து கீழே இறங்கியபிறகுதான் டிரைவர் ஜெனரேட்டரை ஓடவிட்டார். பாட்டி கேஸ் அடுப்பில் போட்ட முதல் காபியை அவருக்குக் கொடுத்தார்.

"தம்பி, அந்த விபூதி மிச்சம் இருக்கா?"

பொட்டலத்தை நீட்டினார். பாட்டி நெற்றியில் கொஞ்சம் இட்டுக்கொண்டார். இன்னொரு சிட்டிகையைக் கையை உயர்த்தி மெல்ல உதிர்த்துவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்.